உலக்கை நின்றது சரி, 1.26க்கு விழுந்ததை யார் பார்த்தது?

பழைய சிக்ரிக்காரன்:
நம் ஊர்க் குழுவில் ‘வளவுக்காரன்’ போட்ட செய்தி துபாய் வரைக்கும் போய், அங்கிருந்து என் மருமகன் வழியாக எனக்கே திரும்பி வந்துவிட்டது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 7 ஞாயிறு இரவு சந்திர கிரகணம். அவர் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை வைத்தார்களாம். 9.57க்குக் கிரகணம் பிடித்ததும் யாரும் பிடிக்காமல் உலக்கை நின்றதாம். 1.26க்குக் கிரகணம் விட்டதும் தானாகவே விழுந்ததாம். ‘விஞ்ஞானமே நம் சாமியை ஒத்துக்கொண்டுவிட்டது, இனிமேல் பக்திக்கும் அறிவியலுக்கும் சண்டையே இல்லை’ என்று கும்பிடும் கைகளோடு முடித்திருக்கிறார்.

நான் திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டாதவன். கார்த்திகைக்குக் குன்றக்குடி மலை ஏறுகிறவன். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் மின்முலாம் தொட்டிகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். இரண்டும் எனக்குள் ஒரு நாளும் மோதிக்கொண்டதில்லை. சண்முகநாதரிடம் நான் மின்னழுத்தம் கேட்டதில்லை, வோல்ட்மீட்டரிடம் வரம் கேட்டதுமில்லை. எரிச்சல் வருவது அதனால்தான். சாமிக்கு உலக்கையை சாட்சி வைக்கிற அளவுக்கு நம் பக்தி இளைத்துப்போய்விட்டதா?

என் வீட்டு உலக்கை புதன்கிழமையும் நின்றது. கிரகணம் இல்லை, மஞ்சள் தண்ணீர் இல்லை, வெறும் சிமெண்டுத் தரை. அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது. கனத்தின் மையம் அந்தப் பூண் வட்டத்துக்கு நேர் மேலே வந்தால் நிற்கும், விலகினால் விழும். பொறுமைதான் வேண்டும். பூமி, நிலா, சூரியன் நேர்கோட்டில் வந்து இழுக்கிறது என்கிறார்களே, அந்த இழுப்பைக் கணக்குப் போடுவோம். நிலா உச்சந்தலைக்கு மேலே இருந்தால்கூட, ஒரு பொருளின் எடையை அது குறைப்பது ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு. மூன்று கிலோ உலக்கைக்கு அது ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு. சூரியனையும் சேர்த்தால் அரை மில்லிகிராம்கூட வராது. உலக்கையின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தால் அதைவிட அதிகக் கனம். இந்த இழுப்பு கிரகணத்தன்றுதான் வரும் என்பதும் இல்லை. எல்லாப் பௌர்ணமிக்கும், எல்லா அமாவாசைக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான். நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் நிழல் மாதா மாதம் விழுவதில்லை, அவ்வளவே.

என் கேள்வி ஒன்றுதான். 1.26க்கு விழுந்ததை யார் பார்த்தது?

வளவுக்காரன்:
அண்ணே, வணக்கம். உங்கள் வீட்டு உலக்கை புதன்கிழமை நின்றால் நான் என்ன செய்ய முடியும்? எங்கள் வீட்டு உலக்கை கிரகணத்துக்குத்தான் நிற்கும். மற்ற நாளில் நிறுத்திப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். உலக்கையை வைத்து விளையாடுகிற வீடு எங்கள் வீடு இல்லை.

1.26க்கு விழுந்ததை எங்கள் அப்பத்தா கண்ணால் பார்த்தார்கள். பிள்ளையார் நோன்புக்கு ஒரு வருஷம் தவறாமல் இழை எடுக்கிற மனுஷி. பொய் சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. நீங்கள் படித்தவர், உங்களுக்கு எதையாவது மறுத்தால்தான் தூக்கம் வரும். இஸ்ரோக்காரர்கள் சந்திரயான்-3 ஏவுவதற்கு முன்னால், 2023 ஜூலையில், அதன் சின்ன மாதிரியைத் திருமலைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டார்களே, அவர்களுக்குத் தெரியாத அறிவியலா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

கறுப்புச்சட்டை:
வேடிக்கையாக இருக்கிறது. ஒருவர் உலக்கையை நம்புகிறார், இன்னொருவர் மலையை நம்புகிறார், இவர் அவரைப் பார்த்து மூடநம்பிக்கை என்கிறார். சிக்ரி ஐயா, உலக்கைக்குக் கனத்தின் மையம் கேட்டீர்களே, சண்முகநாதருக்கு என்றைக்காவது கேட்டீர்களா? மாட்டீர்கள். அங்கே மட்டும் வோல்ட்மீட்டர் வீட்டில் தூங்கும்.

அறிவியல் பார்வையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 51ஏ பிரிவு, 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்த்தது. ‘கார்த்திகைக்கு மட்டும் விடுமுறை’ என்று அதில் எழுதவில்லை. மற்றபடி 1.26 கேள்வி நல்ல கேள்வி. நானும் கேட்கிறேன். யார் பார்த்தது?

பள்ளத்தூர் வாத்தியார்:
அன்பர்களே, ஒரு சின்ன வேண்டுகோள். நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம்? கடவுள் உண்டு என்ற எண்ணமா, கோயிலுக்குப் போகிற பழக்கமா, கிரகணத்தில் சாப்பிடக்கூடாது என்ற விதியா? அறிவியல் என்பது முடிவுகளின் தொகுப்பா, சோதித்துப் பார்க்கும் முறையா? இதை முதலில் பேசிவிட்டு மேலே போனால் பாதி சண்டை குறையும்.

தேவகோட்டை ரஸ்தா:
வாத்தியார் வருகைப்பதிவு எடுக்க ஆரம்பித்துவிட்டார். அதை விடுங்கள். சிக்ரி அண்ணன் வீட்டில் உலக்கையின் மேல் உட்காரக் கொசு இருக்கிறதே, ஊருணியைத் தூர்வாரிப் பல காலம் ஆகிறது, அதைப் பற்றி யாராவது எழுதுவீர்களா?

பழைய சிக்ரிக்காரன்:
ரஸ்தா, ஊருணிக்குத் தனியாக எழுது. இங்கே வராதே.

கறுப்புச்சட்டைக்கு முதலில். நான் மலையேறுவதைக் கேலி செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைப் பார்க்க மறுக்கிறீர்கள். வளவுக்காரன் சொல்வது தரையில் நடக்கிற ஒரு சங்கதி. இத்தனை மணிக்கு நின்றது, இத்தனை மணிக்கு விழுந்தது என்கிறார். சொன்னால் சோதித்துத்தான் ஆகவேண்டும். நான் மலைமேல் போய் நிற்கும்போது உலகத்தில் எதுவும் நின்றது, விழுந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனசு அடங்குகிறது, அவ்வளவுதான். அதற்கு நான் காப்புரிமை கேட்கவில்லை, அதை வைத்து யாரையும் மடக்கவும் இல்லை.

நம் ஊர்ச் சரித்திரத்தையே பாருங்களேன். சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார், நகரத்தார் வீட்டுப் பிள்ளை. 1948 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டிய நேரு, கோயில் குளம் என்று அலையாதவர். 1953 ஜனவரி 14 அன்று திறந்து வைத்த ராதாகிருஷ்ணன் வேதாந்தம் கற்றுக் கற்பித்தவர். மூன்று பேரும் ஒரே கட்டடத்துக்குத்தான் வந்தார்கள். உள்ளே போன மின்சாரம் யாருடைய சாதகத்தையும் கேட்கவில்லை.

வளவுக்காரன் தம்பிக்கு. அப்பத்தா மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் கையால் கந்தரப்பம் சாப்பிட்டவன் நான். கேட்டது அதுவல்ல. 1.26க்கு விழுந்ததை அப்பத்தா பார்த்தார்களா, விழுந்து கிடந்ததைப் பார்த்தார்களா?

வளவுக்காரன்:
விழுந்ததைத்தான்.

கறுப்புச்சட்டை:
விழுந்ததை என்றால்? விழும்போதா, விழுந்த பிறகா?

வளவுக்காரன்:
ஐயா, நீங்கள் நீதிமன்றத்தில் நிற்பதாக நினைப்பா? எண்பது தாண்டிய மனுஷியைக் குறுக்கு விசாரணை செய்கிறீர்களே, இதுதான் பகுத்தறிவா? காணொளி இருக்கிறது, போட்டிருக்கிறேன், போய்ப் பாருங்கள்.

கறுப்புச்சட்டை:
பார்த்தேன். நான் நாலு நிமிஷத்துக்கு மேல் எதையும் பார்க்கிறவனில்லை, உங்களுக்காகக் கடைசி வரை பார்த்தேன். 12.10க்குக் காணொளி நின்றுவிடுகிறது. உலக்கை அப்போதும் நிற்கிறது. அதுவும் நிலா முழுசாக மறைந்தது 11.01இலிருந்து 12.23 வரை. முழுக் கிரகணம் முடிவதற்குள் உங்கள் கைப்பேசி முடிந்துவிட்டது. இன்னொன்று, ஆரம்பத்தில் ஒரு கை உலக்கையைப் பிடித்துச் சரிசெய்கிறது. ராகு கையில் மோதிரம் போட்டிருப்பாரா?

வளவுக்காரன்:
சார்ஜ் தீர்ந்துவிட்டது. அது தப்பா? நிறுத்தும்போது கை வைக்காமல் எப்படி நிறுத்துவது? அந்த மோதிரக்கை என் மச்சான் கை. வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள், நல்லவிதமாகப் பதில் சொல்வார்.

கோட்டையூர் ஆச்சி:
நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிரகணத்துக்கு ஊறுகாய்ச் சாடியில் தர்ப்பை போடுவோம், மாமியார் காலத்துப் பழக்கம். ஒரு வருஷம் தர்ப்பை கிடைக்கவில்லை, போடவில்லை. ஊறுகாய் கெடவில்லை. உப்பும் எண்ணெயும் சரியாக இருந்தால் கெடாது, குறைந்தால் தர்ப்பைக் கட்டே வைத்தாலும் பூசணம் பூக்கும். இருந்தாலும் கிடைத்தால் போடுவேன். அது மாமியார் நினைவு. அதற்கு விஞ்ஞானி கையெழுத்து எதற்கு?

அப்புறம், வளவுக்காரர் வீட்டில் அன்றைக்கு உலக்கை நிறுத்தியது எங்கள் வீட்டுத் தாம்பாளத்தில். இன்னும் திரும்பி வரவில்லை.

பழைய சிக்ரிக்காரன்:
ஆச்சி சொல்வதுதான் நான் சொல்வது. அவர்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்கள்.

கறுப்புச்சட்டை:
ஆச்சி சொன்னதற்கும் நீங்கள் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. ஆச்சி சோதனை செய்தார்கள், முடிவு தெரிந்தது, பழக்கத்தைப் பாசத்துக்காக வைத்துக்கொண்டார்கள். நீங்கள் சோதனையே செய்யமாட்டேன் என்கிறீர்கள். ‘மனசு அடங்குகிறது’ என்று வேலி போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்கிறீர்கள். படித்தவர்கள் போடுகிற அந்த வேலி இருக்கிறதே, அதன் நிழலில்தான் உலக்கைக்காரர்கள் பிழைக்கிறார்கள். ‘பார், சிக்ரி சாரே திருநீறு பூசுகிறார்’ என்று உங்களைக் காட்டித்தான் அடுத்த தாம்பாளத்தை எடுப்பார்கள்.

வளவுக்காரன்:
உலக்கைக்காரர்கள் என்று பன்மையில் சொல்லாதீர்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டில்தான் நிறுத்தினோம்.

சிங்கை மருமகன்:
எல்லாரும் ஒரு பெரிய சங்கதியை விட்டுவிட்டீர்கள். 1825இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த, எண்களைச் சொற்களாக்கிய வாக்கியங்களைக் கொண்டே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் கிடையாது, எழுதுகோல் கிடையாது. நிலாவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், ஒரு நாளைக்கு ஒன்று. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குக்கும் உண்மைக்கும் 4 நிமிடம்தான் வித்தியாசம். நம்மவர்கள் அறிவியலோடு பிறந்தவர்கள். உலக்கை விஷயத்திலும் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கலாம்.

கறுப்புச்சட்டை:
மீதியையும் சொல்லுங்கள் மருமகனே. நடுநேரம் 23 நிமிடம் தப்பு, முடிகிற நேரம் 52 நிமிடம் தப்பு. தொடக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறீர்கள்.

சிங்கை மருமகன்:
சோழியை வைத்துக்கொண்டு 52 நிமிடம் தப்பியது பெரிய குற்றமா? நீங்கள் கைப்பேசி இல்லாமல் நாளைக்கு என்ன கிழமை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய சிக்ரிக்காரன்:
இதில் இரண்டு பேருமே விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்தச் சோழிக்காரர் போட்டது கூட்டலும் கழித்தலும். சோழி அடுக்கும்போது ராகுவை ஒரு எண்ணாகத்தான் வைத்தார், பாம்பாக வைக்கவில்லை. நிலாவை மறைப்பது பூமியின் நிழல், சூரியனை மறைப்பது நிலா என்று ஆரியபட்டர் எழுதியே 1500 வருஷம் தாண்டிவிட்டது. அவர் சாமி கும்பிட்டாரா இல்லையா என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் தெரியாது. அதுதான் நான் சொல்வது. கும்பிடுகிற கையும் கணக்குப் போடுகிற கையும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஆனால் கணக்குத் தாளில் கும்பிடு விழக்கூடாது.

கணித மேதை ராமானுஜனை யாராவது இழுப்பீர்கள் என்று தெரியும், நானே இழுத்துவிடுகிறேன். நாமகிரித் தாயார் அருள் என்று சொன்னார், சரி. அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி பச்சை நாத்திகர். தாயார் சொன்னாள் என்று ஹார்டி விட்டுவிடவில்லை, நிரூபணம் எங்கே என்று நச்சரித்தார். 1918இல் எண்ணைக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்கில் இருவரும் சேர்ந்து தந்த சூத்திரத்தில் பக்தர் பங்கு எது, நாத்திகர் பங்கு எது என்று பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

வளவுக்காரன், இன்னும் பதில் வரவில்லை. 12.10க்குப் பிறகு காணொளி இல்லை. 1.26க்கு விழுந்ததை யார் பார்த்தது?

கறுப்புச்சட்டை:
ராமானுஜன் என்றால் சந்திரசேகரும் உண்டு. 1983இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். அவருக்கு எந்தத் தாயாரும் கனவில் வரவில்லை, நட்சத்திரம் எந்த அளவுக்கு மேல் தாங்காது என்று கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டுவிட்டார்.

தேவகோட்டை ரஸ்தா:
இருவரும் ஆளுக்கொரு மேதையைத் தேர்தல் கூட்டணி மாதிரி சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தொகுதி உடன்பாடு முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள். சிக்ரி அண்ணன் இன்னும் 300 ஏக்கரை ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பழைய சிக்ரிக்காரன்:
தேவகோட்டைக்காரர்களுக்கு அந்த 300 ஏக்கர் காரைக்குடிக்குப் போனது இன்னும் வயிற்றில் எரிகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
எங்களுக்கு எரிவது கொசுக்கடி. ஊருணி.

பள்ளத்தூர் வாத்தியார்:
மீண்டும் கேட்கிறேன். ‘நம்பிக்கை’ என்று யார் எதைச் சொல்கிறீர்கள்? சிக்ரி சார் சொல்வது ஒன்று, வளவுக்காரர் சொல்வது வேறு, கறுப்புச்சட்டை தாக்குவது மூன்றாவது ஒன்று.

வளவுக்காரன்:
சார், நீங்கள் பாடம் நடத்துங்கள், எனக்கு இப்போது நேரமில்லை.

சிக்ரி அண்ணே, உங்களுக்கு இது உலக்கைக் கோபம் இல்லை, பழைய கோபம். சனிப்பெயர்ச்சிக்கு நான் எள் தீபம் பற்றி எழுதியதிலிருந்தே என்மேல் கண். அதை நேராகச் சொல்லுங்கள்.

பழைய சிக்ரிக்காரன்:
நேராகவே சொல்கிறேன். மார்ச் 29ஆம் தேதி சனி பெயர்ந்தாகிவிட்டது, எல்லாரும் எள் தீபம் ஏற்றுங்கள் என்று ஊரையே எழுப்பியவர் நீங்கள். அது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி. திருநள்ளாற்றிலோ வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே சனி, இரண்டு தேதி, நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். வானத்தில் அந்தக் கிரகம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, தொலைநோக்கி வைத்தால் தெரியும். அதைக் கேட்டதற்கு ‘இரண்டுமே சரி அண்ணே’ என்றீர்கள். இரண்டு எண் வந்தால் எங்கள் ஆய்வகத்தில் கருவியைக் கழற்றிப் பார்ப்போம். நீங்கள் இரண்டு தீபம் ஏற்றிவிட்டுப் போகிறீர்கள். சரி, ஏற்றுங்கள், எண்ணெய் உங்கள் எண்ணெய். அதற்கு ‘அறிவியல்’ என்று பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

வளவுக்காரன்:
வாக்கியமும் ரிஷிகள் கொடுத்தது, திருக்கணிதமும் கணக்குத்தான். எதையும் விடமுடியாது. நீங்கள் வருஷம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிற எங்கள் காவடியையும் ஒரு நாள் தராசில் வைப்பீர்கள் போலிருக்கிறது. 400 வருஷத்துக்கு மேலாகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். எந்த ஆய்வகம் 400 வருஷம் நடந்திருக்கிறது?

பழைய சிக்ரிக்காரன்:
பாதயாத்திரையை நான் தொட்டேனா? நானும் நடந்தவன்தான், காலில் கொப்புளம் வந்தபோது உனக்குக் களிம்பு போட்டவனும் நான்தான். அந்தக் களிம்பைச் சோதித்துத்தான் கடைக்கு அனுப்பினார்கள் தம்பி, தாம்பாளத்தில் நிறுத்திப் பார்த்து அனுப்பவில்லை.

குன்றக்குடி என்றதும் ஞாபகம் வருகிறது. அடிகளார் மடத்துச் சாமிதான். காவி கட்டியவர்தான். பெரியாரோடு நட்பாக இருந்தவர். சோவியத் நாட்டைப் போய்ப் பார்த்து வந்தவர். சிக்ரிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கிராமத்துக்குத் திட்டம் போட்டவர். மலைமேல் முருகனும் கீழே தொழிற்கூடமும் அவருக்கு இடித்ததாகத் தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்துவிட்டு, சாமி இருக்க வேண்டுமென்றால் உலக்கை நிற்கவேண்டும் என்கிறீர்களே.

கறுப்புச்சட்டை:
அடிகளாரை எல்லாரும் கடைசியில் குடையாக விரித்துக்கொள்கிறீர்கள். அவர் செய்தது சமூக வேலை, அதை மதிக்கிறேன். அந்தத் திட்டத்தில் வேலை செய்தது தொழில்நுட்பம், திருநீறு அல்ல. சிக்ரியை எழுப்பியதும் அழகப்பர் கொடுத்த பணமும் பொறியாளர்களின் உழைப்பும்தான். பூமி பூசைக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள், அதற்காகத் தேங்காய்தான் கட்டடம் கட்டியது என்று சொல்வீர்களா?

பழைய சிக்ரிக்காரன்:
அப்படி நான் எங்கே சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள்.

கறுப்புச்சட்டை:
மறைமுகமாகச் சொன்னீர்கள்.

பழைய சிக்ரிக்காரன்:
மறைமுகமாகச் சொன்னதை நேர்முகமாகக் காட்டுங்கள். உங்களுக்கும் வளவுக்காரனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாமி சொல்லாத அறிவியலை அவர் சாமி வாயில் திணிக்கிறார், நான் சொல்லாத வார்த்தையை நீங்கள் என் வாயில் திணிக்கிறீர்கள். பகுத்தறிவு என்று சட்டை போட்டால் போதுமா, அடுத்தவன் எழுதியதை முழுசாகப் படிக்கவும் வேண்டும். நான் எழுதியதில் தேங்காய் எங்கே வருகிறது?

கோட்டையூர் ஆச்சி:
தாம்பாளம்.

வளவுக்காரன்:
ஆச்சி, நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன். விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பத்தாவிடம் மறுபடியும் கேட்டுவிட்டேன், உங்களுக்காக ஒரு பெரிய மனுஷியைத் தொந்தரவு செய்து. கிரகணம் விட்டதும் குளிப்பதற்காகக் கிணற்றடிக்குப் போனார்கள். அப்போது வளவில் டங் என்று சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் உலக்கை கிடந்தது. போதுமா? கிரகணம் விட்டது, உலக்கை விழுந்தது. நிரூபணம்.

கறுப்புச்சட்டை:
அப்படியானால் பார்க்கவில்லை! கேட்டார்கள்!

பழைய சிக்ரிக்காரன்:
பார்க்கவில்லை. நான் முதல் நாளே கேட்டது இதைத்தான். கிரகணம் விட்டதும் குளிக்கப் போனார்கள் என்றால் அது 1.26க்குப் பிறகு. எத்தனை மணி? 1.30ஆ? 2 மணியா? நிழலின் வெளிவட்டம் 2.25 வரை நிலாவின்மேல் இருந்தது, அது கணக்கில் உண்டா இல்லையா? நிலா ஒரு மணி நேரத்தில் தன் அகலத்தளவுதான் நகர்கிறது. 1.25க்குத் தாங்கிப் பிடித்த இழுப்பு 1.27க்கு எங்கே போய்விட்டது? நடுராத்திரியில் வளவுக்குள் பூனை வராதா? தாம்பாளத்தில் தண்ணீர் இருந்ததே, பூனை தண்ணீர் குடிக்காதா?

வளவுக்காரன்:
எங்கள் வீட்டில் பூனை கிடையாது. கேட்டதும் பார்த்ததும் எங்களுக்கு ஒன்றுதான். ‘அப்பத்தா பொய் சொல்கிறார்கள்’ என்று நேராக எழுதுங்கள் அண்ணே, ஊர் பார்க்கட்டும்.

பழைய சிக்ரிக்காரன்:
அப்பத்தா பொய் சொல்லவில்லை. அவர்கள் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததாக எழுதியது நீ.

சிங்கை மருமகன்:
பக்கத்து வீட்டுப் பூனை வந்திருக்கலாமே. நான் யாருக்கும் பரிந்து பேசவில்லை. காளஹஸ்தியில் கிரகணத்தன்றும் கோயில் திறந்திருக்கிறது, மற்ற கோயில்களைச் சாத்துகிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

தேவகோட்டை ரஸ்தா:
மருமகன் இப்போதுதான் விமானத்தில் இறங்கியிருக்கிறார்.

பழைய சிக்ரிக்காரன்:
காளஹஸ்திக்குப் பிறகு போகலாம். இதை முடிப்போம். அடுத்த சந்திர கிரகணம் 2026 மார்ச் 3. பகல் 3.20க்குப் பிடிக்கிறது, 6.47க்கு விடுகிறது. இரண்டு உலக்கை, ஒன்று என்னுடையது, ஒன்று உங்களுடையது. கிரகணத்துக்கு முந்தின நாளும் நிறுத்துவோம், அன்றைக்கும் நிறுத்துவோம், மறுநாளும் நிறுத்துவோம். கைப்பேசிக்கு மின்சாரம் நான் தருகிறேன், நாற்பது வருஷம் மின்கலத்தோடு இருந்தவன். எத்தனை மணிக்கு எது விழுகிறது என்று எழுதி வைப்போம்.

வளவுக்காரன்:
அன்றைக்கு நிலா உதிக்கவே சாயங்காலம் ஆறே காலுக்கு மேல் ஆகும். கண்ணுக்குத் தெரிகிற கிரகணத்துக்குத்தான் பலன். 3.20க்கெல்லாம் நிறுத்தமுடியாது.

பழைய சிக்ரிக்காரன்:
இழுப்பு என்றால் நிலா தரைக்குக் கீழே இருந்தாலும் இழுக்கும் தம்பி. கடலுக்கு இரண்டு பக்கமும் பொங்கத் தெரிகிறது, உங்கள் உலக்கைக்கு மட்டும் நிலா முகம் காட்டவேண்டுமா? அப்படியானால் இது ஈர்ப்பு விசை இல்லை, கண் திருஷ்டி. அதையாவது எழுதி ஒத்துக்கொள்ளுங்கள்.

வளவுக்காரன்:
ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நின்றது, விழுந்தது. எங்கள் வீட்டு உலக்கை சோதனைக்கெல்லாம் வெளியே வராது. அது சாமி அறைப் பக்கத்தில் சாத்தி வைக்கிற பொருள்.

கறுப்புச்சட்டை:
நான் கடையில் புது உலக்கை வாங்கித் தருகிறேன். மார்ச் 2ஆம் தேதி பெரியார் சிலைக்கு எதிரில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்திக் காட்டுகிறேன். கிரகணம் இல்லாத நாள். சிக்ரி ஐயா திருநீறு இல்லாமல் வந்தால் நாற்காலி போடுவேன்.

பழைய சிக்ரிக்காரன்:
திருநீற்றோடுதான் வருவேன். நாற்காலி வேண்டாம். உலக்கையை நிறுத்தும் முறை உங்களுக்குத் தெரியாது, சிமெண்டுத் தரை சமமாக இருக்கவேண்டும், சிலைக்கு எதிரில் சாலை சரிவு. விழுந்தால் ‘பார், கிரகணம் இல்லாததால் விழுந்தது’ என்பார்கள். கெடுத்துவிடுவீர்கள்.

கறுப்புச்சட்டை:
சரிவா? நான் இந்த ஊர்க்காரன். அங்கே சரிவு கிடையாது.

பழைய சிக்ரிக்காரன்:
உண்டு. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
ஊருணிக்கு ஓடவேண்டிய தண்ணீர்தான் அது.

பள்ளத்தூர் வாத்தியார்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வளவுக்காரன்:
சாலை சரிவோ இல்லையோ, புது உலக்கை செல்லாது. கடை உலக்கைக்குப் பூண் தட்டையாகவே அடிப்பார்கள், அது எந்த நாளும் நிற்கும். பழைய உலக்கையாக இருக்கவேண்டும், நெல் குத்தியதாக இருக்கவேண்டும்.

பழைய சிக்ரிக்காரன்:
பூண் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்குமா? இதை யார் சொல்வது, நீயா? இந்த வரியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அழித்தாலும் என்னிடம் இருக்கும்.

வளவுக்காரன்:
வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் உலக்கையின் பூண் தட்டை இல்லை.

கறுப்புச்சட்டை:
படம் போடுங்கள்.

வளவுக்காரன்:
போடமுடியாது.

கோட்டையூர் ஆச்சி:
நாளைக்கு என்றீர்களே, இன்றைக்கு வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. தாம்பாளத்தை உங்கள் மச்சான் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம், நானே ஆள் அனுப்புகிறேன்.